இலை வந்தும் வேர் வராத அத்திக் குச்சிகள்: கீழ்ப்பழனி மலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் இடையில், காபியும் மிளகும் மலைவாழையும் கலந்து நிற்கும் ஒரு தோட்டத்தில் நடந்தது இது. ஐப்பசியில் நட்ட சீமை அத்திக் குச்சிகள் கார்த்திகையில் பச்சைப்பசேலென்று துளிர்த்தன. மார்கழி முடிவதற்குள் பெரும்பாலானவை அழுகிவிட்டன. அடுத்து வந்த தையில் அதே மரத்திலிருந்து வெட்டிய குச்சிகளில் பெரும்பகுதி வேர்பிடித்து, இன்று இளஞ்செடிகளாகத் தோட்டத்தில் நிற்கின்றன. மரம் ஒன்றுதான். நடுவில் என்ன மாறியது என்பதை விவரமாக எழுதி வைப்பது அவசியம் என்று நினைக்கிறேன். மலையில் அத்தி போட ஆசைப்படும் பலர், முதல் நடவு போனவுடன் "இந்தக் குளிருக்கு அத்தி வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு. மலையில் அத்தி நன்றாகவே வரும். குச்சி வேர்விடும் அந்த ஆறேழு வாரம்தான் சிக்கல்.

தோட்டமும் தாய் மரமும்

கீழ்ப்பழனி மலையில் ஒரு காலத்தில் கமலா ஆரஞ்சுதான் பெரிய வருமானம். நோய்களால் மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப் போக, பல தோட்டங்களில் காபிக்கு நடுவே வெற்றிடங்கள் விழுந்தன. இந்தத் தோட்டத்திலும் அப்படித்தான். அந்த இடங்களில் சிலர் வெண்ணெய்ப் பழம் வைத்தார்கள், சிலர் எலுமிச்சை வைத்தார்கள். இந்தத் தோட்டக்காரருக்கு அத்தி மேல் ஆசை. காரணம் ஒரு மரம். கொடைக்கானல் பக்கம் உறவினர் வீட்டுக் கொல்லையில் நிற்கும் பழைய சீமை அத்தி. ரகத்தின் பெயர் யாருக்கும் தெரியாது. பழம் ஊதா கலந்த பழுப்பு, உள்ளே இளஞ்சிவப்பு, நல்ல இனிப்பு. பக்கத்தில் துணைக்கு வேறு அத்தி மரம் இல்லாமலே ஆண்டுதோறும் காய்க்கிறது.

இந்தக் கடைசி விவரம் முக்கியம். சீமை அத்தியில் மகரந்தம் இல்லாமலே காய் திரண்டு பழுக்கும் ரகங்கள் உண்டு. ஒரு சிறு குளவி உள்ளே நுழைந்து மகரந்தம் கொடுத்தால்தான் பழுக்கும் ஸ்மிர்னா வகையும் உண்டு. அந்தக் குளவி நம் மலையில் இல்லை. அதனால் தனியாக நின்று காய்க்கும் மரத்தைக் கண்டால் அதுதான் நமக்கான மரம். அதன் குணம் மாறாமல் வேண்டுமென்றால் விதை உதவாது. குச்சியோ பதியமோதான் வழி. இந்த முறை மிகப் பழையது. ஜோர்டான் பள்ளத்தாக்கில் கில்கால் என்ற இடத்தில் 11,000 ஆண்டுகளுக்கு முந்தைய கருகிய அத்திப்பழங்கள் கிடைத்தன. அவை குளவியின்றிப் பழுக்கும் வகை, எனவே மனிதர்கள் குச்சி நட்டே வளர்த்திருக்க வேண்டும் என்று 2006இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதை ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் நெல்லுக்கும் கோதுமைக்கும் முன்பே ஒரு மனிதர் அத்திக் கிளையை ஒடித்து ஊன்றியிருப்பார் என்பதை நம்புவதற்கு எனக்குச் சிரமமே இல்லை. அவ்வளவு எளிதில் வேர்விடும் மரம் அது, சூடு சரியாக இருந்தால்.

முதல் நடவு

மலைத் தோட்டக்காரர்களுக்குப் போத்து, அதாவது தடித்த கிளையை வெட்டி நடுவது புதிதல்ல. மிளகுக் கொடி ஏற்றக் கல்யாண முருங்கைப் போத்து நடுவார்கள், வேலிக்குக் கிளுவை நடுவார்கள். மழை பிடிக்கும்போது வெட்டி ஊன்றினால் போதும், துளிர்த்துவிட்டால் கவலை விட்டது. இவரும் அந்தப் பழக்கத்தில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அத்தியை வெட்டினார். அப்போது தாய் மரம் இலையை முழுதாக உதிர்த்திருக்கவில்லை. பாதி இலையோடுதான் நின்றது. நுனிக் கிளைகளை ஒரு சாண் அளவுக்கு நறுக்கி, செம்மண்ணும் தொழுவுரமும் கலந்த கறுப்புப் பைகளில் நட்டு, சில்வர் ஓக் நிழலில் வரிசையாக வைத்தார். மண் பீன்ஸ் போட்ட வயலிலிருந்து வந்தது. மழை இல்லாத நாளில் பூவாளியால் தண்ணீர்.

மூன்று வாரத்தில் மொட்டு உடைந்தது. சில குச்சிகளில் உள்ளங்கை அகல இலைகூட விரிந்தது. எனக்குப் படம் அனுப்பி, "அண்ணே, நூத்துக்கு நூறு பிடிச்சிருச்சு" என்றார். அவர் குரலில் இருந்த சந்தோஷம் நியாயமானது. கல்யாண முருங்கையாக இருந்திருந்தால் அவர் சொன்னதுதான் உண்மை.

பிறகு மழை வலுத்தது. மலையில் கார்த்திகை என்றால் மழை மட்டுமல்ல. மழை நின்ற நேரத்திலும் மேகம் இறங்கி வந்து தோட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பல நாள் வெயிலே தெரியாது. இலைகள் முதலில் சோர்ந்தன, பிறகு கறுத்து மடங்கின. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஊற்றினார்கள். வேர்த்தூண்டிப் பவுடர் போடாததுதான் குறை என்று யாரோ சொல்ல, வத்தலக்குண்டிலிருந்து அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

பைகளைப் பிரித்துப் பார்த்தபோது

மார்கழிக் கடைசியில் நான் போயிருந்தேன். செத்த செடியைத் தூக்கி எறிவதற்கு முன் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் பிடிவாதம். செடி எப்படிச் செத்தது என்பது அதன் அடியில்தான் எழுதியிருக்கும். சில்வர் ஓக் அடியில் இருந்த பைகளை வரிசையாகக் கிழித்தோம்.

அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே காட்சி. மண் சேறாகக் கட்டியிருந்தது. மண்ணுக்குள் இருந்த பட்டை கறுத்து வழுவழுவென்று, விரலால் தள்ளினால் உரிந்து வந்தது. புளித்த வாடை. வேர் ஒன்றுகூட இல்லை. மண்ணுக்கு மேலே இருந்த பகுதியைக் கீறினால் இன்னும் பச்சை, பாலும் லேசாகக் கசிந்தது. அதாவது மேல்பாதி உயிரோடு இருக்க, கீழ்ப்பாதி செத்திருந்தது. நுனிக் கிளைக் குச்சிகள்தான் அதிக மோசம். இளங்கிளையின் நடுவில் மென்மையான சோற்றுப்பகுதி அதிகம். அதன் வழியே அழுகல் மேலேறியிருந்தது. கொஞ்சம் தடித்த, முதிர்ந்த குச்சிகளில் வெட்டுவாயைச் சுற்றி வெள்ளையாக, காயத்தை மூடும் ஆறுதிசு திரண்டிருந்தது. வேர் விடத் தயாராகி, அதற்குள் அழுகியவை அவை. அவற்றைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே மனம் கஷ்டப்பட்டது.

அந்தத் தோட்டத்தில் பல வருடமாக வேலை செய்யும் ஒரு அக்கா அப்போதுதான் சொன்னார்: "தம்பி, அடுப்படிச் சுவரோரம் வச்சது மட்டும் போகல. அதைப் பாத்தீங்களா?"

வரிசையில் இடம் போதாமல் கொஞ்சம் பைகளை வீட்டின் பின்பக்கத் தாழ்வாரத்தில், சமையற்கட்டுச் சுவரை ஒட்டி வைத்திருந்தார்கள். அந்தச் சுவருக்கு உள்பக்கம் விறகடுப்பு. காலையும் மாலையும் எரியும் அடுப்பு அது. சுவரைத் தொட்டால் கைக்கு இதமான சூடு. மேலே ஓடு இறங்கியிருப்பதால் மழை விழாது. மறந்தால் தண்ணீரும் கிடையாது. அந்தப் பைகளில் இலைகள் சிறியவைதான், ஆனால் நிமிர்ந்து நின்றன. இரண்டைப் பிரித்தோம். கணுக்களிலிருந்தும் அடி வெட்டுவாயிலிருந்தும் வெள்ளை வேர்கள். ஒன்றில் மட்டும் வேரில் சிறு முடிச்சுகள் இருந்தன. பீன்ஸ் வயல் மண்ணோடு வந்த வேர்முடிச்சு நூற்புழு. அத்திக்கு அது பெரிய எதிரி.

குச்சி ஒன்று, மண் ஒன்று, நட்ட நாள் ஒன்று. சூடும் ஈரமும் மட்டுமே வேறு. இதைவிடத் தெளிவான சோதனையை யாராலும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது.

இலை முந்துவது ஏன்

அத்திக் குச்சியின் உடம்பில் மாவுச்சத்து நிறையச் சேர்ந்திருக்கும். மொட்டு விரிய அதுவே போதும், வேர் தேவையில்லை. மொட்டு காற்றில் இருக்கிறது, பகலில் ஒரு மணி நேரம் வெயில் பட்டாலும் விழித்துக்கொள்ளும். அடிப்பகுதியோ மண்ணுக்குள் இருக்கிறது. அத்தி நன்றாக வேர்விட மண்ணின் சூடு சுமார் 21 முதல் 26 டிகிரி செல்சியஸ் வேண்டும். கார்த்திகை மார்கழியில் கீழ்ப்பழனி மலையில் இரவு 15 டிகிரிக்குக் கீழே சாதாரணமாக இறங்குகிறது. ஈர மண் எளிதில் சூடேறாது. ஏறும் கொஞ்சச் சூட்டையும் ஆவியாகும் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்விடும். ஆக, மேலே மொட்டு ஓடுகிறது, கீழே வேர் உறங்குகிறது. விரிந்த இலை தண்ணீர் கேட்கிறது. கொடுக்க வேர் இல்லை. சேமிப்பும் தீர்ந்துபோகிறது. இலை வாடுவதைப் பார்த்து நாம் ஊற்றும் தண்ணீர், மண்ணில் இருக்கும் காற்றையும் விரட்டி, அழுகல் பூஞ்சைக்கு வழி செய்கிறது.

கல்யாண முருங்கைக்கும் கிளுவைக்கும் இது ஏன் நடப்பதில்லை என்று அவர் கேட்டார். சரியான கேள்வி. அவற்றை நாம் கை மொத்தத்தில், ஆள் உயரத்தில், நேரே தரையில் நடுகிறோம். சேமிப்பு அதிகம், தரையில் வடிகால் அதிகம். சாண் நீளக் குச்சியைச் சிறு பைக்குள் அடைத்து வைத்துவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

இங்கேதான் மலைக்கே உரிய முரண்பாடு ஒன்று இருக்கிறது. அத்திக் குச்சியை மரம் இலை உதிர்த்து ஓய்ந்திருக்கும்போது வெட்ட வேண்டும் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. சரியான அறிவுரைதான். ஆனால் நம் மலையில் மரம் ஓயத் தொடங்கும் காலமும் வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலமும் ஒன்று. குளிர்காலம் ஈரமில்லாமல் இருக்கும் ஊர்களில் ஓய்வுக்காலக் குச்சி பிழைப்பது எளிது. இங்கே மழை ஓயும்வரை, அதாவது தை வரை, காத்திருக்க வேண்டும். அப்போதும் குளிர் போகாது. ஈரப் பிரச்சினை தீரும், சூட்டுப் பிரச்சினை மிச்சமிருக்கும்.

கீழே கொண்டுபோவது என்ற முடிவு

சூட்டுக்கு நாற்றுப்பண்ணைகளில் மின்சார வெப்பப் பாய் வைப்பார்கள். மலைத் தோட்டத்தில் மின்வெட்டுக்கு நடுவே அது சரிப்படாது. அடுப்படிச் சுவர் நல்லதுதான், ஆனால் எத்தனை பை வைக்க முடியும்? தோட்டக்காரரின் தங்கையைக் கட்டிக்கொடுத்திருப்பது வத்தலக்குண்டில். உயரம் 1,000 மீட்டர் குறைந்தால் சூடு சுமார் 6 டிகிரி கூடும் என்பது பொதுக் கணக்கு. தையிலும் மாசியிலும் வத்தலக்குண்டில் மழை அநேகமாக இருக்காது. பகல் வெயிலும் அத்திக்கு வேண்டிய கணக்கில்தான் இருக்கும். மலையடிவாரம் முழுக்க நமக்கு இலவச வெப்பப் பாய். குச்சி கீழே போய் வேர்விட்டு, கோடை மழைக்கு மேலே வரட்டும் என்று முடிவானது. "இதைச் சொல்ல ஆள் இல்லாமப் போச்சேண்ணே" என்றார் அவர்.

தை பிறந்து வானம் தெளிந்ததும் தாய் மரத்துக்குப் போனோம். அப்போது ஒரு இலைகூட இல்லை. வெட்டுவதற்கு முன்பே ஒரு வேலை இருந்தது: இலை இருந்த காலத்தில் எடுத்த படங்களைப் பார்ப்பது. மேற்குப் பக்கக் கிளை ஒன்றில் இலைகள் மஞ்சள் திட்டுத்திட்டாக, கொஞ்சம் கோணலாக இருந்தது படத்தில் தெரிந்தது. அத்தி மொசைக் நோயின் அடையாளம் அப்படித்தான் இருக்கும். ஒரு வகைச் சிலந்திப்பேன் மூலம் பரவும் வைரஸ் நோய் அது, குச்சி வழியாகவும் அப்படியே கூட வரும், மருந்து கிடையாது. அந்தக் கிளையையும் அதை ஒட்டியவற்றையும் தொடவில்லை. ஒரு கிளையில் இருந்தால் மரம் முழுக்க இருக்க வாய்ப்பு உண்டுதான். அதனால் புதுச் செடிகளின் இலையைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லியிருந்தேன்.

போன வருடம் வளர்ந்த கிளைகளில், பென்சில் மொத்தத்துக்கும் கட்டைவிரல் மொத்தத்துக்கும் இடைப்பட்டவற்றை எடுத்தோம். நுனியை ஒதுக்கினோம். கிளையின் அடியில் இரண்டு வருட மரம் சிறிது ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. தூரிலிருந்து நேரே உயரமாகக் கிளம்பும் செழித்த வாதுகளில் கணுக்கள் வெகுதூரம் தள்ளித் தள்ளி இருக்கும், அவையும் வேண்டாம். ஒவ்வொன்றும் 20 முதல் 25 சென்டிமீட்டர், குறைந்தது நான்கு கணு. கீழ்வெட்டு கணுவுக்கு ஒட்டிக் கீழே, நேராக. மேல்வெட்டு சாய்வாக. சாய்வு எது நேர் எது என்று பார்த்தாலே தலை எது கால் எது என்று தெரிந்துவிடும். தலைகீழாக நட்டால் வேர் ஒழுங்காக வராது. மேல்வெட்டில் மெழுகுவர்த்தியை உருக்கித் தொட்டு எடுத்தோம். சாணி உருண்டை வைப்பதும் வழக்கம்தான், காயாமல் காப்பது இரண்டும் ஒன்றுதான்.

அத்திப் பாலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது தோலில் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால் கொப்புளம் கிளம்பும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் இல்லாமல் யாரையும் கவாத்துக்கு இறக்காதீர்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

குச்சிகளைக் கழுவிப் பால் உலர நிழலில் ஒரு நாள் கிடத்தி, லேசாக ஈரப்படுத்திய செய்தித்தாளில் சுற்றி, பாலித்தீன் பையில் கட்டி, பஸ்ஸில் கீழே அனுப்பினோம்.

வத்தலக்குண்டில்

இந்தப் பகுதியின் பெருமை முழுக்கத் தோட்டக்காரரின் தங்கைக்கு. மண்ணே சேர்க்கவில்லை. தென்னை நார்க்கழிவை மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசினார். அலசாத நார்க்கழிவில் உப்பு இருக்கும், இளவேர் கருகும். அதில் மூன்றில் ஒரு பங்கு கழுவிய ஆற்றுமணல். ஈரத்துக்கு ஒரே அளவுகோல்: கையில் எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் மினுங்க வேண்டும், சொட்டக் கூடாது. பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டில்களில் அடியில் ஓட்டை போட்டு, குச்சியின் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே போகும்படி நட்டார். பாட்டில்கள் கறுப்புப் பைக்குள் இருட்டில் இருக்கும். வேர் வந்ததா என்று பார்க்க வேண்டுமென்றால் பாட்டிலை மட்டும் தூக்கிப் பார்க்கலாம். குச்சியை ஆட்டிப் பார்க்கும் கெட்ட பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. ஆட்டினால் முளைக்கும் வேர் அறுந்துவிடும்.

நட்ட அன்று ஈரமாக்கியதோடு சரி. மேலே பாலித்தீன் கூடாரம், வீட்டின் கிழக்குத் திண்ணை நிழல். வாரம் ஒருமுறை பாட்டிலைத் தூக்கி எடை பார்த்து, கனம் குறைந்திருந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர். பாதிக் குச்சிகளுக்கு அந்த வேர்த்தூண்டிப் பவுடரைத் தொட்டு நட்டிருந்தோம், பாதிக்கு இல்லை. கண்ணுக்குத் தெரிந்து பெரிய வித்தியாசம் வரவில்லை. பவுடர் போட்டால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் குளிர்ந்த சேற்றில் நின்ற குச்சியை அது காப்பாற்றியிருக்காது.

மாசி நடுவில் பாட்டில் சுவரில் வெள்ளை வேர்கள் தெரிய ஆரம்பித்தன. பல குச்சிகளில் வேர் வந்த பிறகுதான் மொட்டு நன்றாக உடைந்தது. எனக்கு இதில் கிடைத்த நிறைவு சொல்லி முடியாது. வேர் நன்றாகக் கிளைத்து, வெள்ளை நிறம் மங்கும்வரை பொறுத்திருந்து பைக்கு மாற்றச் சொன்னேன். இளவேர் கண்ணாடிபோல ஒடியும். சில அவசரமாக மாற்றப்பட்டுப் போயின. வேறு சில, பங்குனி வெயில் ஏறிய ஒரு மதியத்தில் கூடாரத்துக்குள்ளேயே வெந்துபோயின. வெயில் ஏறினால் கூடாரத்தின் வாயைத் திறந்துவிட வேண்டும். மீதி எல்லாம் பிழைத்தன.

பைக்கு வேண்டிய மண்ணையும் கீழேயே தயார் செய்தோம். ஈரமாக்கிப் பரப்பிய மண்ணின் மேல் கண்ணாடிப் பாலித்தீன் விரித்து, ஓரங்களை மூடி, ஒரு மாதத்துக்கு மேல் வெயிலில் காயவிட்டால் நூற்புழுவும் பூஞ்சையும் பெரும்பாலும் ஒழியும். மலையில் அந்த வெயிலுக்கு எங்கே போவது?

மேலே வந்த பிறகு

சித்திரையில் கோடை மழை இரண்டு விழுந்ததும் செடிகள் வண்டியேறின. திறந்த வண்டியில் காற்று இலையை உலர்த்திவிடும் என்பதால் தார்ப்பாய் கட்டி, சாயங்காலத்தில். வந்தவுடன் சில செடிகள் இலை உதிர்த்தன; வேர் இருந்ததால் மறுபடி துளிர்த்தன. இரண்டு வாரம் நிழல்வலைக்குக் கீழே இருந்த பின் குழிக்குப் போயின.

குழி இரண்டடிச் சதுரம், இரண்டடி ஆழம், செடிக்குச் செடி 5 மீட்டர். மலை மண் புளிப்பு மண். அத்திக்கு நடுநிலையான மண்தான் பிடிக்கும் என்பதால், மண் பரிசோதனை பார்த்து டோலமைட் சுண்ணாம்பு கலந்தோம். காபிக்கு வேண்டிய நிழல் அத்திக்கு ஆகாது. ஆரஞ்சு போன இடங்களில் மேலே படர்ந்திருந்த சில்வர் ஓக் கிளைகளைக் கழித்துவிட்டோம். அவர் தயங்கினார், ஆனால் வெயில் இல்லாத அத்தி இலை மட்டுமே காட்டும். ஆடிக் காற்றுக்கு முன் ஒவ்வொரு செடிக்கும் மூங்கில் ஊன்றுகோல். காட்டுமாடு வரும் பக்கம் கம்பி வேலி.

அடுப்படிச் சுவரோரம் பிழைத்த ஐப்பசிக் குச்சிகளில், வேரில் முடிச்சு இல்லாதவற்றையும் நட்டிருக்கிறோம். அவை உயரத்தில் கொஞ்சம் பின்தங்கி இருக்கின்றன, அவ்வளவுதான்.

கீழே அனுப்ப உறவு இல்லாதவர்கள் என்ன செய்வது என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். நாலைந்து செடி போதும் என்றால் விண்பதியம் நல்ல வழி: மரத்தில் இருக்கும் கிளையின் பட்டையை வளையமாக நீக்கி, அந்த இடத்தில் ஈர நார்க்கழிவை வைத்துப் பாலித்தீனால் சுற்றி வேர்விடச் செய்வது. கிளை தாய் மரத்திலேயே இருப்பதால் இலை முந்தினாலும் பட்டினி கிடக்காது. மழைச்சாரல் உள்ளே போகாமல் இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டினால் போதும். அதிகம் வேண்டுமென்றால் தையில் வெட்டிய குச்சியைச் செய்தித்தாளில் சுற்றிக் குளிர்ந்த இடத்தில் வைத்திருந்து, பங்குனியில் மலையிலேயே வெயில் ஏறிய பிறகு ஊன்றலாம். கொடைக்கானல் உயரத்தில் இருப்பவர்களுக்கு இரண்டாவது வழி மெதுவாகத்தான் பலன் தரும். அங்கே பங்குனி இரவும் குளிர்தான், அடுப்படிச் சுவரை நம்பலாம்.

தோட்டக்காரரிடம் அக்கம்பக்கத்தில் வரும் தைக்குக் குச்சி கேட்டு வைத்திருக்கிறார்கள். புதுச் செடிகளில் மஞ்சள் திட்டு எதுவும் இதுவரை தெரியவில்லை. ஒரு முழு வருடம் இலையைப் பார்த்துவிட்டு, அதன் பிறகே யாருக்கும் கொடுப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.